ரோஜாப்பூத் தட்டு

ஒரு தாயைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்னவெல்லாம் சொல்ல முடியுமோ, அவ்வளவும் எங்கள் உம்மாவைப் பற்றிச் சொன்னார்கள். கஞ்சப்பிசினாறி என்றார்கள். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்றார்கள். கொஞ்சம் நல்ல மனசுக்காரர்கள், பாவம், அவளுக்கு மனசு சரியில்லை போல என்றார்கள். உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு குழாயடியில் குடத்தை நகர்த்திக்கொண்டிருப்பாள். அவள் செய்தது இதுதான்: பெற்ற மகளை, வீட்டில் சோறு இருக்கும்போதே, தினமும் எதிர்வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாள். அந்த மகள் நான்.

நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தபோது தாராவிக்குள்ளேயே ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு நாங்கள் குடிமாறினோம். வாப்பாவுக்குத் தோல்பை தைக்கிற கார்கானா. ஐந்து மெஷின், அதற்கேற்ற ஆட்கள். கார்கானாவுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்ததில் வாப்பாவுக்குப் பெருமை. வீடு என்றால் ஒரே அறைதான். மேலே ஒரு மாளா, அதில் ஏணி வைத்து ஏறி நானும் தம்பியும் படுப்போம். எங்கள் வாசலில் நின்று கையை நீட்டினால் எதிர்வீட்டு வாசலில் நிற்பவர் கையைத் தொட்டுவிடலாம். அவ்வளவுதான் சந்து. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்று தனியாக விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த எதிர்வீட்டில் இருந்தவர்கள் அத்தையும் மாமாவும். சொந்தத்து அத்தை இல்லை. அவர்கள் சாமி வேறு, எங்கள் தொழுகை வேறு. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். வந்த அன்றைக்கே உம்மா அவளை மைனி என்று கூப்பிட்டுவிட்டாள். உம்மாவுக்கு மைனி என்றால் எனக்கு அத்தை. மாமாவுக்கு விக்ரோலியில் ஒரு கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட். மதியம் போனால் நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார், சாப்பாடு கம்பெனி கேன்டீனில். அவர்கள் வீட்டுச் சுவரில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்ணின் படம் மாலை போட்டு மாட்டியிருக்கும், கீழே ஒரு சின்ன பல்பு எரியும். அவர்களுக்கு இருந்த ஒரே பிள்ளை. ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து போய்விட்டது என்று குழாயடியில் சொன்னார்கள். நாங்கள் அந்தச் சந்துக்கு வருவதற்கு முந்தின மழை அது.

குடிவந்த கொஞ்ச நாளில், ஒருநாள் சாயங்காலம் உம்மா என்னைக் கையைப் பிடித்து எதிர்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மைனி, இந்தப் புள்ள என் கையால எதைக் குடுத்தாலும் திங்க மாட்டேங்குது. மெலிஞ்சு போயிட்டா. நீங்க ஒரு கை ஆக்கிப் போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் தம்பியின் பங்கையும் சேர்த்து இடியப்பம் தின்றவள் நான். வாயைத் திறந்தேன். உம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள், மூடிக்கொண்டேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். மெலிந்த பிள்ளையாகத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் தாய் சொல்லும்போது என்ன சொல்வது? சரி, அனுப்புங்க என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா எனக்கு ஒரே ஒரு சட்டம் போட்டாள். அத்தை வாயில் சோறு வைக்கிற வரைக்கும் நான் வைக்கக் கூடாது. பெரியவர்களோடு உட்கார்ந்தால் அதுதான் அதபு, மரியாதை. நம் வீட்டில் அந்த அதபு இல்லையே, தம்பி வாப்பாவுக்கு முந்தியே முடித்துவிடுகிறானே என்று கேட்டேன். போ புள்ள என்றாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு முடிந்ததும் போனேன். அத்தை அடுப்புப் பக்கமே போகாமல் படுத்திருந்தாள். நான் வந்து உட்கார்ந்தபிறகு எழுந்து அரிசி களைந்தாள். அந்த வீட்டுக் குக்கருக்கென்று ஒரு சத்தம் உண்டு. முதலில் கொஞ்ச நேரம் சீறும், வராது வராது என்று நினைக்கும்போது இழுத்து ஊதும். சோறு வெந்தது, மீன் குழம்பு கொதித்தது. மரத்தட்டியின் மேல்வரிசையிலிருந்து எனக்கென்று ஒரு தட்டை எடுத்தாள். வெள்ளைத் தட்டு, நடுவில் சிவப்பு ரோஜாப்பூ. விருந்தாளிக்கு வைக்கிற மெலமைன் தட்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. எங்களிடம் இருந்ததெல்லாம் எவர்சில்வர், அதிலும் எல்லாவற்றிலும் வாப்பா பெயரைப் புள்ளி புள்ளியாகத் தமிழில் கொத்தியிருக்கும். தமிழாட்கள் இருக்கிற சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், குழாயடியில் பாத்திரம் மாறிப் போகாமல் இருக்க. நான் இங்கிலீஷ் மீடியம், எனக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அந்தப் புள்ளிகள் எனக்குக் கோலம் மாதிரிதான்.

அத்தை எனக்கு மட்டும் பரிமாறிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சாப்பிடுட்டி" என்றாள்.

நீங்க சாப்பிடுங்க என்றேன். எனக்குப் பசிக்கல என்றாள். அப்ப எனக்கும் பசிக்கல என்றேன். வயிறு உள்ளே கூப்பாடு போட்டது. குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது, சட்டமோ சட்டம். சோற்றில் ஆவி அடங்கியது. உங்க உம்மா சொன்னது சரிதான், நீ பொல்லாத புள்ளதான் என்று சொல்லிவிட்டு, அத்தை சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அந்த ஒரு வாயை அவள் மென்ற நேரத்தில் நான் தட்டில் பாதியை முடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தவள், "ஏட்டி, உன் சாமியச் சொன்னியா?" என்றாள். நான் பிஸ்மி சொல்ல மறந்திருந்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதை ஞாபகப்படுத்த மறந்ததில்லை. கறி எடுத்தால்கூட வாப்பா வாங்குகிற கடை எது என்று கேட்டு அங்கேதான் எடுப்பாள்.

இப்படியே நடந்தது. அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். போகப்போக அவளும் ஒரு தட்டு வைத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் உம்மாமேல் ஆறவில்லை. தம்பி வந்து ஒரு சேதி வேறு சொன்னான். நான் அங்கே போனதும் உம்மா வாசல்படியில் உட்கார்ந்துகொள்வாளாம். எதிர்வீட்டுக் குக்கர் ஊதுகிற வரைக்கும் யாருக்கும் சோறு கிடையாதாம். அது ஊதியதும் மெதுவாக அல்ஹம்துலில்லாஹ் என்பாளாம். அதற்கு அப்புறம்தான் எங்கள் வீட்டில் உலையே வைப்பாளாம். ஒரு வயிறு குறைந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

சந்தில் பையன்கள் எனக்கு மெஸ் என்று பேர் வைத்தார்கள். ஏ மெஸ்ஸு, இன்னைக்கு என்ன ஸ்பெஷல் என்பார்கள். ஆள் வைத்துச் சோறு போடுகிற முதலாளி, மகளை வெளியே சாப்பிட அனுப்புகிறார் பார் என்று டீக்கடையில் வாப்பா காதில் விழும்படியே பேசினார்கள். வாப்பா சத்தம் போடுகிற ஆளில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, இது எத்தனை நாளைக்கு என்று மட்டும் உம்மாவிடம் கேட்டாராம். கொஞ்ச நாள் போகட்டும் என்றாளாம். அதோடு விட்டுவிட்டார்.

விஷயம் ஃபோனில் உல்லாஸ்நகர் மாமி காதுக்குப் போயிற்று. மாமி வாப்பாவின் அக்கா. உல்லாஸ்நகரில் துணிக்கடை. நாலு பேருக்கு நடுவில் பேசினால்தான் பேசியது மாதிரி அவளுக்கு இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கட்டாய் பிஸ்கட் பெட்டியோடு வந்தாள். பெட்டியைப் பிரிப்பதற்குள் பேச்சைப் பிரித்துவிட்டாள், அதுவும் சந்தில் நின்று. கதவெல்லாம் திறந்தே இருக்கிற நேரம். எதிர்வாசலில் அத்தை அரிசி களைந்த சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

நம்ம வீட்டுல இல்லாத சோறா என்று தொடங்கினாள் மாமி. என் தம்பி மானம் மரியாதையோடு தொழில் பண்ணுறான், அவன் மகள் வீடு வீடாகக் கையை நனைக்கவா என்றாள். "புள்ள வளக்கத் தெரியலன்னா சொல்லிடு புள்ள. நான் கூட்டிட்டுப் போயி வளத்துக்கிடுதேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் துணியை எடுத்து வைக்கச் சொன்னாள்.

உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "ஆமா மச்சி, எனக்கு வளக்கத் தெரியலதான். மைனி கையிலதான் இவளுக்கு எறங்குது" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மெஸ் என்று கூப்பிடும் பையன்கள் உட்பட. எனக்குள் எத்தனையோ நாளாகக் கிடந்தது பொங்கிவிட்டது.

"பொய். எனக்கு உம்மா சோறுதான் பிடிக்கும். உம்மாதான் அங்க போ, அங்க போன்னு வெரட்டுதா. அத்தை சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடணுமாம். அதையும் அவதான் சொல்லி விடுதா."

அத்தை என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்த்தாள். உம்மா தரையைப் பார்த்தாள். அத்தை குனிந்து, சட்டியில் இருந்த கழுநீரைச் சாக்கடையில் மெதுவாகச் சாய்த்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். எங்கள் சந்தில் பகலில் கதவு சாத்தினால், ஒன்று ஊருக்குப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆகாதது ஏதோ நடந்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு வாப்பா கார்கானாவிலிருந்து வந்தார். லாத்தா, புள்ள இங்கயே இருக்கட்டும் என்றார் அக்காவிடம். அவ்வளவுதான். மாமி நான்கட்டாயை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டுக் குக்கர் ஊதவில்லை. உம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி பசி பசி என்று அழுதான். கடைசியில் வாப்பா போய் பாவ் ரொட்டியும் பட்டாணிக் குழம்பும் வாங்கி வந்து எங்கள் முன்னால் வைத்தார். உம்மா தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உண்மையைத்தானே சொன்னேன், அதற்கு ஏன் வீடு இப்படி ஆகவேண்டும் என்று மாளாவில் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

மறுநாள் மஃரிப் முடிந்தது. எதிர்க்கதவு திறந்தது. அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. தலையை ஒழுங்காக வாரி முடிந்திருந்தாள்.

"மைனி, உங்க புள்ளைக்கு உங்க கையில எறங்காதுன்னு தெரியும்லா? ஏன் இன்னும் அனுப்பாம வச்சிருக்கிய?" என்றாள்.

"நானும் அதத்தான் நெனச்சேன். எங்கிட்ட பட்டினிதான் கெடக்கா. கூட்டிட்டுப் போங்க மைனி" என்றாள் உம்மா.

நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நேற்று இத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இரண்டு பேரும் அங்கேயே நின்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு என்னடா என்றால், நான் ஒன்றுமே சொல்லாத மாதிரி இவள் அதே பொய்யைச் சொல்கிறாள், அவளும் தலையாட்டுகிறாள். பெரியவர்களிடம் உண்மையைச் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அழுகையாக வந்தது.

அத்தை அன்றைக்குக் கீரை கடைந்திருந்தாள். குக்கர் சீறி, இழுத்து ஊதியது. தட்டு எடுக்க எழுந்தவள், ரோஜாப்பூத் தட்டை எடுக்காமல் மரத்தட்டியின் மேல்வரிசைக்கும் மேலே கையை விட்டு, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தட்டை இறக்கினாள். சின்னத் தட்டு. விளிம்பில் ஒரு நெளிசல். ரொம்ப நேரம் கழுவினாள், சேலையால் துடைத்தாள், கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் முன்னால் வைத்துச் சோறு போட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நேற்று நான் வாயைத் திறந்ததற்குத் தண்டனை. விருந்தாளித் தட்டு போயிற்று, இனிமேல் நெளிந்த பழைய தட்டுதான். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். சோறு குறையக் குறைய அடியில் புள்ளி எழுத்து தெரிந்தது, எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் இருப்பது மாதிரி. யார் பேர் என்று நான் கேட்கவில்லை. மாமா பேராக இருக்கும், வேறு யார் பேரைக் கொத்துவார்கள்? அத்தை அன்றைக்கு எனக்கு முந்தியே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். பிஸ்மியை ஞாபகப்படுத்தினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் அழுதேன். அத்தைக்கு என்மேல் கோபம், எனக்கு ரோஜாப்பூத் தட்டு வைக்கவில்லை, மேலே கிடந்த பழைய தட்டில் போட்டாள் என்றேன்.

உம்மா உலையில் அரிசி போடப் போனவள் அப்படியே நின்றாள்.

"தட்டுல எழுத்து இருந்துச்சா?"

இருந்துச்சு, என்ன எழுத்துன்னு தெரியல என்றேன்.

உம்மா அரிசியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரம் காயாத என் வலது கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதாள். தன் மகளைப் பழைய தட்டில் சாப்பிட வைத்து அவமானப்படுத்திவிட்டாளே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். என்ன இருந்தாலும் உம்மா என் பக்கம்தான். அந்த நிம்மதியில், மாளாவில் ஏறிப் படுத்ததும் தூங்கிப்போனேன்.