தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

நிலத்தடி நீர் பாடத்தை எட்டாம் வகுப்புக்கு நடத்திய வாரத்தில்தான் அக்கா வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் வந்தது. எழுபதுகளின் கடைசி. ஐப்பசி முடிந்தும் மழை விடவில்லை. பத்திரிகை வேலைக்குப் போவதற்கு முன் நான் ஆரணியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக்குள்ளேயே பட்டு நெய்தார்.

குழித்தறியில் நெய்கிறவர் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதிகளை மிதிப்பார். தறியின் கம்பங்கள் மண்ணில் நட்டிருக்கும். மண் இறுகியிருக்கும்வரை, நீளவாக்கில் கட்டிய பாவு நூல் விறைப்பாக நிற்கும். அப்போது தறியில் இருந்தது மாமாவின் தங்கைக்கான முகூர்த்தப் புடவை. அண்ணன் கையால் நெய்த புடவையோடுதான் தங்கை மணையில் உட்கார வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். தறியில் ஏறிய கல்யாணப் புடவையைப் பாதியில் அறுப்பதும் இல்லை. முந்தானை மட்டும் பாக்கி. படவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புடவையை வாங்கிப்போக வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது.

ஓடு ஒழுகுகிறது என்று மாமா கூரை மேல் ஏறிப் பார்த்தார். ஒழுகவில்லை. தெருத் தண்ணீர்தான் என்று வாசலில் களிமண் அணை கட்டினார். மறுநாள் குழியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. குழியின் அடியில் சிமெண்டு பூசிப் பார்த்தார். காய்வதற்குள் கீழிருந்து வந்த தண்ணீர் அதைக் குழம்பாக்கிவிட்டது.

அக்கா பக்கெட்டால் இறைத்துக்கொண்டே இருந்தாள். பின்கட்டுக் கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொட்டினாள். ஆற்றுப் பக்கத்து மணல் தரை. கொட்டியது தேங்காமல் உடனே உள்ளே போயிற்று.

"அக்கா, எங்க ஊத்தறே?"

"உன் தலையிலயா ஊத்துவேன்? கிணத்தாண்டதான்."

"அது திரும்பி உள்ளதான் வருது."

தறியிலிருந்து மாமா கேட்டார்: "ஏன் வாத்தியாரே, தண்ணிக்கு நம்ம வீட்டு அட்ரஸ் எழுதிக் குடுத்து அனுப்பினியா?"

வகுப்பில் கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் காட்டியிருந்தேன். மணலில் விரலால் குழி தோண்டினால், மணலுக்குள் எந்த உயரத்தில் தண்ணீர் இருக்கிறதோ அதே உயரத்தில் குழியிலும் நிற்கும். அக்கா வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் கையால் மொள்ளும் அளவுக்கு ஏறியிருந்தது. கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் டியூபை வாங்கிவந்து, ஒரு முனையைக் கிணற்றடியிலும் மறுமுனையைத் தறிக்கருகிலும் பிடித்து அளந்தோம். கிணற்றுத் தண்ணீரும் குழித் தண்ணீரும் ஒரே உயரத்தில் நின்றன.

மாமா டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தினி நாளா கிணத்துல காலை விட்டுகினா நெய்யறேன்?"

"ஆமா மாமா. கிணத்துல எறக்கினா குழியிலயும் எறங்கும்."

மழையில் கரண்ட் போயிருந்தது. பெரணமல்லூர் சாலையில் நிலம் வைத்திருந்த ஒருவரின் ஆயில் இன்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தோம். அவரே கூட வந்து ஓட்டினார். குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டோம். கிணறு மளமளவென்று இறங்கியது. மதியத்துக்குள் குழியின் அடிமண் தெரிந்தது. மாமா உட்கார்ந்து முந்தானையைத் தொடங்கினார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள். முந்தானையில் ஜரிகை அதிகம், வேலை நகராது.

என் தொட்டிக்குக் கண்ணாடிச் சுவர். இந்தக் கிணற்றுக்கோ மேலே கொஞ்சம் செங்கல், கீழே வெறும் மண். ஊறிப்போன அந்த மண்ணை இதுவரை கிணற்றுத் தண்ணீர் தாங்கியிருந்தது. தண்ணீரை வேகமாக எடுத்துவிட்டோம். மண்ணுக்குள் இருந்த ஈரம் அதே வேகத்தில் வடியவில்லை. அந்தக் கனத்தோடு மண் தனியாக நின்றது. முதலில் கட்டிகள் விழும் சத்தம் கேட்டது. பிறகு கிணற்றுக்கும் தறி அறையின் சுவருக்கும் இடையில் தரையில் ஒரு விரிசல் பார்த்தேன். குறுக்கே ஒரு தீக்குச்சியை வைத்தேன். சற்றுப் பொறுத்துப் போய்ப் பார்த்தபோது விரிசல் அகன்று குச்சி உள்ளே விழுந்திருந்தது.

"மாமா, இன்ஜினை நிறுத்தணும்."

"ரெண்டு முழம் பாக்கி கீது. நிறுத்தினா?"

"தண்ணி வரும்."

"நிறுத்தலன்னா?"

"செவுரு வரும்."

"எப்ப?"

"தெரியல."

அக்கா சீறினாள். "தெரியலன்னா எதுக்குடா வாயத் தொறக்கறே? இன்ஜினக் கொண்டாந்ததும் நீ, நிறுத்தச் சொல்றதும் நீ. பேஜார் பண்ணிகினு!"

மாமா தலை தூக்கவில்லை. ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சுவர்தான்.

"எழுந்திருண்ணா" என்றாள் தங்கை.

"சும்மா நூல சுத்து."

அவள் நூலை வைத்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். "ஜல்தி நிறுத்துங்க! எங்க அண்ணன்தான் சொல்லிச்சி" என்று அவள் இன்ஜின்காரரிடம் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. இன்ஜின் நின்றது.

"நான் எப்ப சொன்னேன்?" என்று மாமா தறியிலிருந்து எழுந்து, கோபத்தோடு பின்வாசலுக்கு வந்தார். வாசற்படியில் அவர் கால் வைத்த நேரத்தில் கிணற்றின் ஒரு பக்கம் அப்படியே உள்ளே சரிந்தது. துவைக்கிற கல்லும் கூடப் போயிற்று. பள்ளம் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இன்ஜின்காரர் இன்ஜினைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஏறியது. குழியிலும் ஏறியது. சுவருக்குச் சவுக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்தோம்.

"இப்ப உக்காரலாமா வாத்தியாரே?"

"தண்ணி ஏறிட்டா மண்ணுக்குத் தாங்கல் இருக்கும். பாதி நம்பிக்கைதான் மாமா."

"மீதிப் பாதிய நான் வச்சிக்கறேன்" என்று குழியில் இறங்கினார்.

முழங்கால்வரை தண்ணீரில் கால்களை வைத்து அவர் நெய்தார். மிதிகள் மேலே வர மறுத்தன. அக்கா இறைத்துக்கொண்டே இருந்தாள். சுவரில் சின்னச் சத்தம் கேட்டாலும் நாடா நிற்கும், மறுபடி ஓடும். ஊறிய மண்ணில் தறியின் இடப்பக்கக் கம்பம் கொஞ்சம் புதைந்துவிட்டது. ஆப்பு வைத்தும் நேராகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேங்காய் உடைத்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தார்கள். பாயில் விரித்தபோது முந்தானையின் ஜரிகைக் கோடுகள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. மாமா தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் ஜரிகை மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள்.

"கோணையா கீதேண்ணா."

"தரை எறங்கிடுச்சி. நான் என்ன பண்ண?"

"முந்தானைதானே? முதுகுக்குப் பின்னாலதானே தொங்கப் போவுது. நானா பாக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு அவள் புடவையை மடிக்க ஆரம்பித்தாள்.