இருட்டறையில் அரை மணி நேரம்

என் கணவருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. பரம்பரை நோய். அவர் என் அத்தை மகன் வேறு; உறவுக்குள் கட்டினால் பிள்ளைக்கும் வரலாம். உயிர்வேதியியல் படித்தவள் செய்கிற காரியமா இது என்று தோழிகள் கேட்டார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினேன்.

சென்ற வருடம் ஒரு அந்தி நேரத்தில் எங்கள் பதினொரு வயது மகள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மறுவாரமே அவளை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

சோதனைக்கு முன் எங்களை ஓர் இருட்டறையில் உட்கார வைத்தார்கள்.

“அரை மணி நேரம் ஆவுமுங்க. கண்ணு இருட்டுக்குப் பழகோணுமுங்க,” என்று சொல்லி நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“எதுக்குங்ம்மா பழகோணும்?” என்றாள் மகள்.

இருபது வருடமாகக் கல்லூரியில் நடத்துகிற பாடம், வாய் தானாகச் சொன்னது. கண்ணுக்குள் ரெட்டினல் என்றொரு நிறமி. ஒரு புரதத்தின் மடியில் காலை மடக்கிப் படுத்திருக்கும். ஒரு துளி வெளிச்சம் பட்டால் காலை நீட்டிவிடும். அந்த நீட்டலில் புரதம் புரண்டு கொடுக்க, சவ்வைத் தாண்டிச் சேதி போய்விடும். நீட்டியது மறுபடி மடங்கி வந்து படுக்கத்தான் இந்த அரை மணி. உப்பளங்களில் ஊதா நிற நுண்ணுயிர் ஒன்று உண்டு. அதனிடம் இதே நிறமி நீட்டிக் கிடக்கும், வெளிச்சம் பட்டால் மடங்கும். மடங்கும்போதெல்லாம் அதன் புரதம் ஒரு புரோட்டானைச் சவ்வுக்கு வெளியே தள்ளும். அந்தத் தள்ளலில்தான் அதன் பிழைப்பு.

“அதுக்குச் சோறு வேண்டாங்களா?”

“சோறு கெடைக்காதப்ப வெயிலே போதுங் கண்ணு.”

நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். இருட்டு மெத்தென்று இருந்தது. சுவர் எங்கே, என் கை எங்கே என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். அவள் கண்ணில் இந்நேரம் எத்தனை கோடி மூலக்கூறுகள் மடங்கிப் படுத்திருக்கும், அல்லது அவற்றைத் தாங்க மடியே இல்லாமல் போயிருக்கும். அந்த ‘அல்லது’வைத் தாண்டி நினைப்பு நகரவில்லை. கதவடியில் நூலளவு வெளிச்சம் கசிவது மெல்ல மெல்லத்தான் எனக்குப் புலப்பட்டது.

பயமாக இருந்தது. சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில், சத்தமில்லாமல் கைகூப்பினேன்.

பக்கத்து நாற்காலியில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

“ஏனுங்ம்மா, கையெடுத்துச் சாமி கும்புடறீங்களா?”

சோதனை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. “ஆமாங் கண்ணு,” என்றேன். கூப்பிய கையை இறக்க மனம் வரவில்லை.