டேங்குக்குள் இருந்த ஹீரோ

கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் யாரோ சினிமா போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் நாங்கள் விளையாடப் போன, கூத்தாநல்லூர் ஜமீலா அக்காவின் வீடியோ கேம் கடைக்கே மனசு போய்விட்டது. துபாயிலிருந்து அவர் கணவர் அனுப்பிய கேசட்டுகளில், மேலே படமில்லாத, பீரங்கி வண்டி ஓட்டும் டேங்க் கேமை மட்டும் நாங்கள் சீந்தியதே இல்லை. அக்கா ஒருநாள் பழைய போஸ்டரிலிருந்து ஒரு நடிகரின் முகத்தை வெட்டி, பசை தடவி அதன்மேல் ஒட்டிவைத்தார். அன்றிலிருந்து வியர்வையும் பட்டன்களின் டொக்டொக்கும் நிறைந்த அந்தச் சின்ன அறையில் அதற்குத்தான் அடிதடி.

“ஹீரோ எங்கக்கா?” என்று கேட்டால், “டேங்குக்குள்ள உக்காந்திருக்காரு, நீ ஓட்டு” என்பார். பொய்யென்று தெரிந்தேதான் ஓட்டினோம்.

கடைப் பலகையிலும் ஒரு முகம் இருந்தது, அக்காவின் கணவர் முகம். நேரில் அவரை நாங்கள் பார்த்ததில்லை. அவரிடமிருந்து பார்சல் நின்று, ஃபோனும் நின்றுபோன வருஷம், அக்காவின் சின்ன மகள் பலகையை அண்ணாந்து பார்த்து, “அத்தா எங்கம்மா?” என்றாள்.

அக்கா பசைக் கிண்ணத்தையே கிளறிக்கொண்டிருந்தார்.

“பிளேனுக்குள்ள உக்காந்திருக்காரு.”

அதன்பிறகு, ஹீரோ எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.