எவெலியோ கூட்டிய வெளிச்சம்

எங்கள் கடலோர ஊரான கிபாராவில் கரண்ட் போனால் எல்லோரும் ஒரே முட்டாள்தனத்தைத்தான் செய்வோம். பெரிய எல்.இ.டி. விளக்கை மோட்டார் பைக் பேட்டரியில் நேராக மாட்டிவிடுவோம். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்! பிறகு கருகிப்போன விளக்கோடு ரிப்பேர்க்காரர் எவெலியோ வீட்டு வாசலில் போய்த் திட்டு வாங்க நிற்போம்.

"உங்க மண்டையில என்னதான் இருக்கு? சூடேற ஏற அது இன்னும் கரண்ட்டை இழுக்கும். போதும்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நடுவுல டிரைவர்னு ஒரு சின்ன சர்க்யூட் இருந்து அளந்து குடுக்கணும்!"

"சரிதான் வாத்தியாரே, முதல்ல தாடியை எடுங்க, பாக்கச் சகிக்கல" என்பேன். பக்கத்து வீட்டுக்காரி நான்; வாய் சும்மா இருக்காது.

"நான் முப்பது வருஷமாச் சொல்றேன், கேட்டாத்தானே!" என்று உள்ளே படுக்கையிலிருந்து அவர் மனைவி நெரெய்டா குரல் கொடுப்பாள்.

சர்க்கரை நோய் அவள் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். அவளுக்காகவே எவெலியோ ஒரு விளக்கு செய்தார். சூட்டை வாங்கிக்கொள்ள முதுகில் பழைய குக்கர் மூடி, நடுவில் டிரைவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ரேடியோத் திருகு. அவளுக்குக் கண் கூசும் என்று எப்போதும் குறைத்தே வைத்திருப்பார்.

புயல் வந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று, கரண்ட்டும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான் கிழங்குக் கஞ்சி கொண்டுபோனேன்.

"கிழவா, வெளிச்சத்தைக் கூட்டு. உன் மூஞ்சியைப் பாக்கணும்" என்றாள் நெரெய்டா.

அவர் திருகினார்.

"இன்னும் கொஞ்சம்."

கடைசி வரை திருகினார்.

"கஞ்சத்தனம் பண்ணாதே. போறப்பவாவது பாத்துட்டுப் போறேன்."

அவர் டிரைவரைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஒயரைப் பேட்டரியில் நேராக மாட்டினார்.

"ஐயோ, அண்ணே, நீங்களா?" என்றேன்.

அறையே வெளுத்தது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். எவெலியோவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. நெரெய்டா மட்டும் விளக்கையே நேராக, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம், கிழவா" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கண்ணையும் நோய் தின்றிருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வந்துபோன எனக்கு இது தெரியவில்லையே!

சற்று நேரத்தில் கருகல் நாற்றம் வந்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் எவெலியோ தடவிக்கொண்டே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கூட்டிட்டேன் நெரெய்டா. இப்பத் தெரியுதா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுது, நல்லாத் தெரியுது. இன்னிக்காவது சவரம் பண்ணியிருக்கியே. அழகா இருக்கே கிழவா."

அவர் சவரம் செய்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"ஆமா, உனக்காகத்தான்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவளை அடக்கம் செய்தோம். எவெலியோ மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்து நின்றார்.