பின்சீட்டில் மூன்று பேர்

போன புதன்கிழமை எனக்குத் திடீரென்று மூன்று குழந்தைகள்! கல்யாணமா? அதற்கு இன்னும் பெண்ணே கிடைக்கவில்லை...

அக்காவின் பத்து மாத மகள் யாழினியைத் தினமும் காலையில் என் காரில் கொண்டுபோய்க் காப்பகத்தில் விடுவது என் வேலை. எங்கள் ஊரில் அதைத் தஸ்கா என்போம். அக்கா விடியும் முன்பே ஃபேக்டரி பஸ் ஏறிப் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்குப் போய்விடுவாள். மாமாவுக்கு சிங்கப்பூரில் வேலை.

அன்று தஸ்கா வாசலிலேயே தேவிக்கா வழிமறித்தார். அவர்தான் முதலாளி.

"தம்பி, உள்ள வராத. யாழினி கரேத்தாவுலயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு பிள்ளைங்கள தர்றேன். ஆபீசர் செக்கிங் வர்றாங்க."

"என்னக்கா, பிள்ளை கடத்தலா? நான் நல்ல குடும்பத்துப் பையன்க்கா!"

"விளையாடாத லா! பேபி ரூம்ல ஒம்போது பேரு. பாத்துக்க ரெண்டே ஆளு. ஒரு வயசுக்குக் கீழன்னா மூணு பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும்னு சட்டம். பெர்மிட் போச்சுன்னா உங்கக்கா பிள்ளைய எங்க விடுவா? நீ பாப்பியா?"

"இத்தன நாளா எண்ணிப் பாக்கலியாக்கா?"

"பிள்ளைங்கள எண்ணக் கூடாதுடா. கண்ணு பட்டுரும்."

எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவன் நான். எனக்கே இந்தக் கணக்குப் புரிந்தது. தஸ்கா மூடினால் அக்காவுக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகளையும் வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பின் சந்துக்குக் காரை நகர்த்தினேன்.

ஏர்கோனைப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் மூவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஒருவன் என் மீசையைப் பிடித்துத் தொங்கினான் — இருப்பதே பத்து முடி! இன்னொருத்தி தோளில் பாலைக் கக்கினாள். யாழினி மட்டும் சமர்த்தாக இருந்தாள்.

ரொம்பச் சமர்த்தாக. சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தால்... வாயில் என் சட்டைப் பொத்தான். எப்போது பிய்த்தாள்? விரலை விட்டு எடுத்தேன். அவள் வீறிட்டு அழுதாள். அழுகை அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்று பேருக்கு ஒருவன். அதனால் கண்ணில் பட்டது. ஒன்பது பேருக்கு இரண்டு ஆள் என்றால்? ஒருவர் பால் கலக்குகிறார், ஒருவர் டயப்பர் மாற்றுகிறார்... அந்த நேரத்தில் ஒரு பொத்தானை யார் பார்ப்பது?

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உள்ளே ஆறுக்கு இரண்டு, காரில் மூன்றுக்கு ஒன்று. அந்த அரை மணி நேரம் மட்டும்தான் தேவிக்கா தஸ்காவில் சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது!

ஆபீசர் போனதும் தேவிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சுக்குப்னு சொல்லிட்டாங்க தம்பி. ஆள் போதுமாம்."

பொத்தானைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"இன்னொரு ஆள் வைங்கக்கா."

"எவ வர்றா? ராதா போன மாசம்தான் நின்னா. எங்க போனா தெரியுமா? உங்கக்கா ஃபேக்டரிக்கு! அங்க குடுக்குற சம்பளத்த நான் குடுக்கணும்னா ஃபீஸ ஏத்தணும். உங்கக்கா கட்டுவாளா?"

மற்ற இருவரையும் கொடுத்துவிட்டு யாழினியை நீட்டினேன். மறுபடியும் ஒன்பது.

சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேக்டரி சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வேற தஸ்கா பாப்போமாக்கா?"

"பாக்காமலா இருக்கேன்? ஒண்ணு ஃபுல்லு. இல்லன்னா நம்மளால முடியாத விலை."

மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். வழக்கத்தைவிடப் பெரிதாக.

"எதுக்குக்கா இவ்ளோ பெருசு?"

"யார் கண்ணும் படக் கூடாதுடா."

கவலையே வேண்டாம் அக்கா... ஒன்பது பிள்ளைக்கு நாலே கண். எங்கே படப்போகிறது?