மேலால் வெடித்த தண்டு

சாமான் ஏற்றும் பெட்டியை உழவு மிசினோடு கொழுவும் இரும்புத் தண்டு முறிந்தது. ஓட்டிப்போனவன் என் தங்கையின் புருஷன். அறுவடைக்குக் கொஞ்ச நாள்தான் கிடந்தது.

"என்னத்த ஏத்தினாய்?"

"சீமெந்து மூட்டைதான் மச்சான்."

நான் நம்பவில்லை. பெட்டி மூலையில் மணல் ஒட்டியிருந்தது. அனுமதியில்லாத மணலோடு பொலிஸ் பிடித்தால் மிசின் போய்விடும். எனக்கு இருப்பது அந்த ஒரு மிசின்.

தண்டை ஆரையம்பதி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முறிந்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மேல் பாதி துருவேறிக் கறுத்திருந்தது. கீழ் பாதி மினுங்கியது.

"இது கன நாளா மேலால வெடிச்சு வந்திருக்கு. மிச்சம்தான் இப்ப போயிருக்கு" என்றார்.

மேலால் என்றது எனக்குப் பிடிபடவில்லை. நாங்கள் மூட்டையை முன்பக்கம் கூட்டித்தான் அடுக்குவோம். அந்தப் பாரத்துக்குத் தண்டு கீழே வளையும், கீழ்ப்பக்கம்தான் வெடிக்கும். மணலும் அப்படித்தான். பாரம் பின்னால் தொங்கினால் தண்டு மேலே கிளம்பப் பார்க்கும், மிசின் அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். மேல்பக்கம் வெடிப்பது அப்போதுதான்.

அப்படியென்றால் நீளமான சாமான். காட்டு மரமோ? அது மணலை விடப் பெரிய வழக்கு. வீட்டுக்குத் திரும்பினேன். பெட்டி மூலை மணலைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு. கடற்கரை மணல்.

நேரே செட்டிபாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

"சீமெந்து உப்புக் கரிக்குமா மச்சான்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். குசினிக்குள் இருந்து தங்கை கத்தினாள்.

"சொல்லுங்களன்! தோணிதான் அண்ணன். கடல் கொந்தளிக்கக்குள்ள வாவிக்கு ஏத்திப்போறார். மறுகா திருப்பி ஏத்தி வாறார்."

"இஞ்சினோடயா?"

"கழட்ட நேரமில்ல எண்டு தோணிக்காரனுகள் சொன்னானுகள்" என்றான் மச்சான்.

பின்னால் தொங்கியது அதுதான்.

"எத்தினை தோணி?"

"எண்ணல்ல."

"ஏன் மறைச்சாய்?"

"கேட்டா விடமாட்டாய் எண்டுதான்."

"நீங்க திண்ட கொடுவா மீன் எல்லாம் எங்கால வந்ததாம்?" என்றாள் தங்கை.

"இனித் தோணி ஏறாது" என்றேன்.

"ஓம் மச்சான்."

தண்டை ஒட்டி, மேல்பக்கம் ஒரு தகடும் வைத்தோம். அறுவடைக்கு மிசினை அவனிடமே கொடுத்தேன். வேறு ஆளுமில்லை. மூட்டைகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

போன கிழமை தங்கை வீட்டிலிருந்து கொடுவா வந்தது. பெரிய மீன். என் மனிசி கழுவி வெட்டத் தொடங்கினாள். நான் எழும்பிப் போய்த் தண்டின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.