டாஷ்போர்டு முள்ளும் தனபால் சொன்ன கதையும்

பழைய கார்களின் டாஷ்போர்டில் முள் ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிப்பது என் தொழில். நகர்ந்துவிட்டால் ஏன் நகர்ந்தது என்று திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி. ஆனால் பதினோரு வருடங்களுக்குப் பிறகு இப்போது நான் சந்தேகப்படுவது எந்த முள்ளையும் அல்ல, மெக்கானிக் தனபால் சொன்ன ஒரு கதையை.

சேலையூர் டேனியல் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய அம்பாசிடரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரை நான் சரிசெய்தேன். அதே வாரம் ரேடியேட்டர் வேலையைத் தனபால் பார்த்தான். சாருடைய மகள் கல்யாணத்தன்று வண்டியை ஓட்டியதும் அவன்தான். சர்ச்சுக்குப் போகும் வழியில் எஞ்சின் கொதித்து இறுகிப்போனது. மணப்பெண் ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். அன்றிலிருந்து சார் என்னை மார்க்கெட்டில் பார்த்தால் கத்திரிக்காயைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். காரணம், தனபால் அவரிடம் சொன்ன ஒரே வரி: "முள்ளு கடைசி வரைக்கும் கீழயே படுத்திருந்துச்சு சார், எலக்ட்ரீஷியன் வேலை அப்படி!"

புதுப் பெயிண்ட்

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்வது பெயிண்ட் அடிப்பது. மேடவாக்கத்து ஐ.டி. தம்பி ஒருவர் டாஷ்போர்டுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில்கூட அடித்திருந்தார். எர்த் ஒயர் தகரத்தைத் தொட்டால்தான் மீட்டர் வேலை செய்யும். அது பெயிண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லா முள்ளும் செத்துக் கிடந்தன.

ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்றேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டது போல அவர் முகம் வெளுத்துவிட்டது. சுரண்டினேன், முட்கள் எழுந்தன. தரையில் உட்கார்ந்துவிட்ட அவர் மட்டும் எழவில்லை. "நாலு கோட்டிங்ணா... மயக்க மருந்தாவது எனக்குக் குடுத்திருக்கலாமே!"

காணாமல் போன பெட்ரோல்

அனகாபுத்தூர்க்காரர் ஒருவரின் வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் கூடவே ஆடும். எர்த் சரியில்லாத வண்டிகளில் இது சகஜம். அவர் நாலு வருடமாக அந்த ஆட்டத்தைப் பார்த்தே டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார். நடுவில் மூன்று முறை ரோட்டில் நின்றது வேறு விஷயம்.

சரிசெய்து கொடுத்தேன். முள் ஆடாமல் உண்மையைக் காட்டியது. அவருக்கு அது பிடிக்கவில்லை. "வண்டிய உன் கையில குடுக்கசொல்லோ அரை டேங்க் காட்டிச்சு. இப்போ கால்தான் கீது. மீதி இன்னாபா ஆச்சு?"

பழைய கார் வைத்து அவதிப்படும் நீங்கள் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாத ரேடியேட்டர்

போன மாதம் மாடம்பாக்கத்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி அம்மா கூப்பிட்டார். வண்டி புகைகிறது, சூட்டு முள் மட்டும் கீழேயே கிடக்கிறது. அந்த மீட்டரைச் சரிசெய்ததும் நான்தான். மறுபடியும் என் வேலைதானோ?

எஞ்சினிலுள்ள சென்சாரின் ஒயரைக் கழற்றித் தகரத்தில் தொட்டேன். முள் ஒழுங்காக மேலே ஏறியது. மீட்டர் சரி, ஒயரும் சரி. ஆற விட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. ரப்பர் ஓஸ் கழன்று முழுவதும் ஒழுகியிருந்தது. சென்சார் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீரே இல்லையென்றால் எஞ்சின் வெந்தாலும் முள் எழாது. இது எனக்குத் தெரியாததல்ல. ரேடியேட்டரைத் தனபால் பார்த்திருந்த டேனியல் சார் விஷயத்தில் மட்டும் இது ஏன் தோன்றவில்லை? குற்றம் சொன்னவுடன் ஒப்புக்கொள்கிற புத்தி எனக்கு. அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உள்ள எல்லாம் காலி, வெளிய பார்த்தா கூல். எங்க ரீஜனல் மேனேஜர் மாதிரியே இருக்கே சார்!"

தனபால் ஷெட்

மறுநாளே ராஜகீழ்ப்பாக்கத்தில் தனபால் ஷெட்டுக்குப் போனேன். டீ சொன்னான். டேனியல் சார் பேச்சை எடுத்ததும் உற்சாகமாகக் கதையை ஆரம்பித்தான். வருடா வருடம் அதில் புகை கூடிக்கொண்டே போகிறது. இந்த முறை அது கேம்ப் ரோடு வரைக்கும் தெருவையே மறைத்துவிட்டது.

"முள்ளு அசையவே இல்லண்ணா. சரி வுடு, பழசெல்லாம் இன்னாத்துக்கு?" என்று பெருந்தன்மையோடு என்னை மன்னித்தான்.

டேனியல் சாரிடம் போய் நிற்பதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஊரார் வண்டியில் கோளாறு எங்கே என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற நான், என் கோளாறா இல்லையா என்று அறிய பதினோரு வருடம் எடுத்துக்கொண்டு கேட்டது இவ்வளவுதான்: "தனபால், அன்னிக்கு வண்டி நின்னதும் ரேடியேட்டர் மூடியத் திறந்து பார்த்திருப்பியே, உள்ள தண்ணி இருந்துச்சா?"